வீடியோ 62 சதவீதம் முடிந்தது, எழுத மட்டும் கை வரவில்லை

டோம்பிவிலியிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியும் விவரங்களை நீக்கிவிட்டு அதன் சாரத்தை மட்டும் தருகிறேன்.

வயது 37. பாளையங்கோட்டையில் தமிழ் வழியில் படித்தவர், பி.காம். பட்டதாரி. கல்யாணத்துக்குப் பிறகு மும்பை. மஸ்ஜித் பந்தர் பக்கம் ஒரு மொத்த வியாபார நிறுவனத்தில் கணக்குப் பார்க்கிறார். சம்பளம் ஏறவில்லை, மகள் எட்டாம் வகுப்புக்கு வந்துவிட்டாள், செலவு கூடுகிறது. அந்த நேரத்தில் ஃபோனில் வந்த விளம்பரத்தைப் பார்த்து ஒரு நிறுவனத்தின் ஒன்பது மாத டேட்டா அனலிடிக்ஸ் கோர்ஸில் சேர்ந்திருக்கிறார். கட்டணம் 1,35,000 ரூபாய். மொத்தமாகக் கட்ட முடியாததால் அந்த நிறுவனமே ஒரு கடன் நிறுவனத்தைக் காட்டி, மாதம் 7,500 வீதம் 18 தவணை போட்டுக் கொடுத்திருக்கிறது. "நூறு சதவீதம் வேலை உறுதி மேடம்" என்று சேர்க்கும்போது ஃபோனில் சொன்னார்களாம்.

ஐந்து மாதம் ஓடிவிட்டது. காலையும் மாலையும் லோக்கல் ரயிலில் நின்றபடியே வீடியோக்களை ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்க்கிறார். ஞாயிறு லைவ் வகுப்பில் இருநூறு பேருக்கு மேல் இருக்கிறார்கள். சந்தேகம் கேட்டால் இரண்டு நாள் கழித்து ஒரு வரியில் பதில் வருகிறது. அசைன்மென்ட்டை ஏ.ஐ.யிடம் கொடுத்து விடை வாங்கி அனுப்பிவிடுகிறார். கோர்ஸ் பக்கம் 62 சதவீதம் முடிந்ததாகக் காட்டுகிறது. போன மாதம் அந்தேரியில் ஒரு நேர்காணல். இரண்டு அட்டவணைகளைக் கொடுத்து எஸ்.க்யூ.எல்.லில் (அட்டவணைகளிலிருந்து தகவல் எடுக்க உதவும் கணினி மொழி) ஒரு சின்ன க்வெரி, அதாவது தகவல் கேட்கும் கட்டளை, எழுதச் சொன்னார்கள். "வீடியோவில் பார்த்தது கண்ணுக்குள் நிற்கிறது, எழுத மட்டும் வரவில்லை. அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன்" என்கிறார்.

அவருடைய கேள்விகள் மூன்று. வயதும் தமிழ் வழிப் படிப்பும்தான் காரணமா, விட்டுவிடலாமா? தவணையை நிறுத்திவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா? முடித்தாலும் அந்தச் சான்றிதழுக்கு மதிப்பு உண்டா?

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் மனதை ஆற்றிக்கொள்ளுங்கள். நேர்காணலில் நடந்ததை வைத்து உங்கள் மூளையைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறீர்கள். நான் கடிதத்தைப் படித்தவரை, இந்த ஐந்து மாதத்தில் நீங்கள் ஒரு க்வெரியைக்கூட யார் துணையும் இல்லாமல் வெற்றுப் பக்கத்தில் எழுதிப் பார்த்ததாக எங்கும் சொல்லவில்லை. பார்த்திருக்கிறீர்கள், கேட்டிருக்கிறீர்கள், ஏ.ஐ. எழுதியதை அனுப்பியிருக்கிறீர்கள். செய்து பழகாத ஒன்றை முதல்முறையாக அந்நியர்கள் முன்னால் செய்யச் சொன்னார்கள், வரவில்லை. அது யாருக்கும் வராது.

வயதும் தமிழ் வழியும்

பாடம் புரிவதும் பாடம் வருவதும் வேறு வேறு. வீடியோவில் ஆசிரியர் விளக்கும்போது எல்லாம் தெளிவாக இருக்கும். அந்தத் தெளிவு அவருடையது. ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. மாணவர்களுக்கு ஒரு பத்தியைப் படிக்கக் கொடுத்தார்கள். சிலர் அதையே மறுபடி படித்தார்கள். மற்றவர்கள் தாளை மூடிவிட்டு நினைவிலிருந்ததை எழுதினார்கள். 5 நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்தவர்களே முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது மூடிவைத்து எழுதியவர்கள் முந்திவிட்டார்கள். நீங்கள் ஐந்து மாதமாகச் செய்வது முதல் வகை, அதுவும் ரயில் நெரிசலில், ஒன்றரை மடங்கு வேகத்தில்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது உங்களைப் போன்ற அக்கறையுள்ளவர்களைத்தான் அதிகம் ஏமாற்றுகிறது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் மாணவர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2019-இல் வெளியானது. நல்ல விரிவுரையைக் கேட்டவர்கள் தாங்கள் நிறையக் கற்றதாக நினைத்தார்கள். தாங்களே கணக்குப் போட்டுத் திணறியவர்கள் குறைவாகக் கற்றதாக நினைத்தார்கள். தேர்வு வைத்தால் திணறியவர்களே அதிக மதிப்பெண் எடுத்தார்கள். ஆகவே, இனி செய்து பார்க்க உட்காரும்போது "எனக்கு ஒன்றும் வரவில்லையே" என்று முதல் இரண்டு வாரம் தோன்றும். அது தோன்றினால் பயப்படாதீர்கள், வேலை நடக்கிறது என்று அர்த்தம்.

சேர்ந்ததும் ஆப் உங்களுக்கு ஒரு குவிஸ் வைத்து "நீங்கள் பார்த்துக் கற்பவர்" என்று சொன்னதாகவும், அதனால்தான் வீடியோவையே நம்பியதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதைத் தள்ளிவிடுங்கள். பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர் என்று ஆட்களைப் பிரித்து அதற்கேற்பப் பாடம் நடத்தினால் பலன் கூடும் என்பதற்குத் தக்க சான்று இல்லை என்று 2008-லேயே உளவியலாளர்கள் குழு ஒன்று பழைய ஆய்வுகளை அலசிச் சொல்லிவிட்டது. கண்ணால் பார்த்து யாருக்கும் எஸ்.க்யூ.எல். வந்ததில்லை.

தமிழ் வழி பற்றி. க்வெரியில் இருக்கும் ஆங்கிலச் சொற்கள் அன்றாடம் புழங்குவதற்கு முப்பது நாற்பதுக்குள்தான் வரும். அதை எட்டாம் வகுப்புப் படிக்கும் உங்கள் மகள்கூட ஒரு வாரத்தில் மனப்பாடம் செய்துவிடுவாள். கஷ்டம் அந்தச் சொற்களில் இல்லை, எந்தக் கேள்விக்கு எந்த வழி என்று யோசிப்பதில் இருக்கிறது. அந்த யோசனையைத் தமிழில் செய்யுங்கள். வாய்விட்டுத் தமிழில் சொல்லிவிட்டு, பிறகு எழுதுங்கள். நேர்காணலுக்கு வேண்டிய ஆங்கிலத்தைக் கடைசி இரண்டு மாதத்தில் தனியாகப் பழகிக்கொள்ளலாம்.

வயதைப் பொறுத்தவரை உங்கள் பக்கம் ஒரு பெரிய பலம் இருக்கிறது. நீங்கள் அதைக் கவனிக்கவே இல்லை. மாதா மாதம் 14-ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்-2பி (சப்ளையர்கள் ஜி.எஸ்.டி. தளத்தில் ஏற்றிய பில்களின் பட்டியல்) வந்ததும் என்ன செய்கிறீர்கள்? ஒரு பக்கம் உங்கள் பர்ச்சேஸ் ரெஜிஸ்டர். மறுபக்கம் 2பி. சப்ளையரின் ஜி.எஸ்.டி. எண்ணையும் பில் நம்பரையும் வைத்து ஒவ்வொன்றாகப் பொருத்துகிறீர்கள். நம் ரெஜிஸ்டரில் இருந்து 2பி-யில் இல்லாத பில்களைத் தனியே எடுத்து, "பில்லை ஏற்றுங்கள், இல்லாவிட்டால் வரி கிரெடிட் வராது" என்று சப்ளையருக்கு ஃபோன் போடுகிறீர்கள். நேர்காணலில் கேட்ட க்வெரி இதேதான், சகோதரி. ரெஜிஸ்டரை இடது பக்கம் வைத்து 2பி-யோடு லெஃப்ட் ஜாயின் (இடது பக்க வரிகள் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு, பொருந்தும் வலது பக்க வரிகளைச் சேர்க்கும் கட்டளை) போட்டு, வலது பக்கம் காலியாக வரும் வரிகளை மட்டும் எடுப்பது. சப்ளையர் 'ஐஎன்வி/045' என்று போட்டதை நம் ஆள் வெறும் '45' என்று அடித்து, பொருந்தாமல் போய், நீங்கள் தலையைப் பிய்த்துக்கொள்கிறீர்களே, அதற்குத்தான் உங்கள் கோர்ஸில் டேட்டா கிளீனிங் என்று மூன்று வாரப் பாடம் வைத்திருக்கிறார்கள். கல்லூரி முடித்து நேராக வரும் 22 வயதுப் பையனுக்கு ஜாயின் எழுத வரும்; எந்த வரி ஏன் விட்டுப்போகிறது என்று தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

எப்படி மாற்றுவது

ரயிலில் வீடியோ வேண்டாம். நின்றுகொண்டே செய்யத் தோதானது நினைவுகூர்தல். ஆங்கி என்று ஓர் இலவசச் செயலி இருக்கிறது, ஆண்ட்ராய்டு ஃபோனில் ஆங்கிட்ராய்ட் என்று கிடைக்கும். ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் விடை என்று நீங்களே அட்டைகள் செய்துவைத்தால், மறக்கப்போகும் சமயம் பார்த்து அதுவே திரும்பக் கேட்கும். "க்வெரியில் வேர் (WHERE) எப்போது, ஹேவிங் (HAVING) எப்போது?" என்று கேள்வி வந்ததும், விடையைத் திறக்காமல் முதலில் மனதுக்குள் சொல்லிப் பாருங்கள். தானேயில் இறங்கும் கூட்டம் இடித்தாலும் இதைச் செய்ய முடியும்.

வீட்டில் லேப்டாப் முன்னால் கிடைப்பது இரவு 40 நிமிடம் என்கிறீர்கள். அதில் வீடியோ 10 நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது. எடெக்ஸ் என்ற ஆன்லைன் பாடத் தளத்தில் 69 லட்சம் முறை வீடியோ பார்க்கப்பட்ட பதிவுகளை ஆராய்ந்து 2014-இல் ஒரு கட்டுரை வந்தது; 6 நிமிடத்துக்குள் இருப்பவற்றில்தான் மாணவர்கள் கடைசிவரை ஊன்றி இருக்கிறார்கள் என்று கண்டார்கள். உங்கள் கோர்ஸ் வீடியோக்கள் 40, 50 நிமிடம் என்றால் நீங்களே துண்டாக்குங்கள். ஆசிரியர் ஒரு கணக்கை எடுத்ததும் நிறுத்துங்கள். அவர் விடை எழுதுவதற்கு முன் நீங்கள் எழுதுங்கள். தப்பாக வந்தால் எர்ரர் வரியை வாசியுங்கள், பிறகு வீடியோவை ஓட்டுங்கள். மறுநாள் அதே கணக்கை எதையும் பார்க்காமல் எழுதுங்கள், நாலு நாள் கழித்து மறுபடி. இப்படிச் செய்தால் 62 சதவீதம் என்ற எண் நகரவே நகராது. நகராமல் இருக்கட்டும்.

மூன்றாவதாக, ஆட்கள். இருநூறு பேர் வகுப்பில் நீங்கள் ஒரு பெயர், அவ்வளவுதான். அதிலிருந்து உங்களைப் போல் வேலைக்குப் போகும் இரண்டு மூன்று பேரைத் தேடிப் பிடியுங்கள். வாரம் ஒரு மணி நேரம் கூகுள் மீட்டில் ஒருவர் திரையைப் பகிர்ந்து எழுத வேண்டும், மற்றவர்கள் "ஏன் அப்படி?" என்று கேட்க வேண்டும், அடுத்த வாரம் ஆள் மாற வேண்டும். கேட்க ஆள் இருந்தால்தான் எங்கே புரியவில்லை என்பதே வெளியே வரும்.

ஏ.ஐ. விஷயத்தில் கண்டிப்பாகவே சொல்கிறேன். துருக்கியில் ஏறக்குறைய ஆயிரம் பள்ளி மாணவர்களிடம் நடந்த ஆய்வில், கணக்குப் பயிற்சியின்போது சாட்ஜிபிடியைத் தாராளமாகப் பயன்படுத்தியவர்கள் பயிற்சியில் ஜொலித்தார்கள். அதை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது, அதைத் தொடாதவர்களைவிட 17 சதவீதம் கீழே போனார்கள். விடை சொல்லாமல் குறிப்பு மட்டும் தரும்படி அமைத்த குழுவுக்கு அந்தச் சரிவு பெரும்பாலும் இல்லை. அதனால் கருவியைத் தூக்கி எறிய வேண்டாம், கேட்கும் விதத்தை மாற்றுங்கள். "விடை தராதே. நான் எழுதியதில் எந்த வரியில் பிழை என்று மட்டும் சொல். தமிழில் சொல்" என்று கேளுங்கள். "ஜாயின் பற்றி எளிதிலிருந்து கடினம்வரை ஐந்து கேள்வி கேள், ஒவ்வொன்றாக" என்று கேளுங்கள். ஞாயிறு வகுப்பில் கிடைக்காத தனிக் கவனம் ஓரளவுக்கு இப்படிக் கிடைக்கும். ஓர் எச்சரிக்கை: அலுவலகத்தின் உண்மையான பில் விவரங்களை அதில் போடாதீர்கள். பெயர், ஜி.எஸ்.டி. எண், தொகை எல்லாவற்றையும் மாற்றி, பொய் அட்டவணை ஒன்று செய்துகொள்ளுங்கள். வேலைக்கே ஆபத்தாகிவிடும்.

தவணையை நிறுத்தாதீர்கள்

உங்கள் கணவர் "கட்டாதே, என்ன செய்துவிடுவான் பார்க்கலாம்" என்கிறார். அவர் கோபம் நியாயம். ஆனால் கடன் ஒப்பந்தம் உங்களுக்கும் கடன் நிறுவனத்துக்கும் இடையில்; கோர்ஸ் நிறுவனம் சரியாக நடத்தவில்லை என்பது தவணையைத் தானாக நிறுத்தும் காரணம் ஆகாது. நிறுத்தினால் அபராதம் ஏறும், சிபில் மதிப்பு இறங்கும், நாளைக்கு மகளின் கல்விக் கடனுக்குப் போகும்போது அது குறுக்கே நிற்கும். கட்டிக்கொண்டே சண்டை போடுங்கள்.

சண்டைக்கு உங்களிடம் விஷயம் இருக்கிறது. "நூறு சதவீதம் வேலை" என்று பொய்யாக உறுதி கொடுத்து விளம்பரம் செய்யக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் கோச்சிங் துறைக்கு வழிகாட்டு நெறிகள் வெளியிட்டிருக்கிறது. ஃபோனில் சொன்னதை நிரூபிப்பது கஷ்டம். வாட்ஸப்பில் அனுப்பிய விளம்பரம், மெயில், ஸ்க்ரீன்ஷாட் எது இருந்தாலும் இன்றைக்கே சேமித்துவையுங்கள். கடன் கொடுக்கும்போது தந்திருக்க வேண்டிய முக்கிய விவர அறிக்கையையும் தேடி எடுங்கள். உண்மையான ஆண்டு வட்டி அதில்தான் இருக்கும். 'வட்டியில்லாத் தவணை' என்று உங்களிடம் சொல்லியிருந்தால், அது உண்மைதானா என்று அதைப் பார்த்தால் தெரியும்.

பிறகு கோர்ஸ் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு மெயில். என்ன வாக்குக் கொடுத்தார்கள், என்ன தருகிறார்கள், உங்களுக்கு என்ன வேண்டும் என்று மூன்று பத்தியில். முழுப் பணத்தையும் கேட்டால் ஐந்து மாதம் பயன்படுத்தியதைக் காட்டுவார்கள். மீதிக் காலத்துக்கான தொகை, அல்லது கூடுதல் கட்டணமில்லாமல் சிறு குழு வகுப்பு, அல்லது ஆறு மாதம் நீட்டிப்பு என்று கேட்பது நடக்கக்கூடியது. அதே மெயிலின் நகல் கடன் நிறுவனத்துக்கும் போகட்டும்.

பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம், டோம்பிவிலி இருப்பது தானே (Thane) மாவட்டத்தில். நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். கல்லூரிகள் நுகர்வோர் சட்டத்துக்குள் வருமா என்பதில் வழக்குகள் உண்டு. கோச்சிங் நிறுவனங்களை அவற்றோடு சேர்க்க முடியாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020-இல் சொல்லியிருக்கிறது, அது உங்களுக்குச் சாதகம். கடன் நிறுவனத்தின் மீது புகார் என்றால் முதலில் அவர்களிடம் எழுதி, 30 நாளில் பதில் இல்லாவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளரிடம்) இலவசமாகப் போகலாம். நான் கற்றல் ஆலோசகர், வக்கீல் அல்ல. மெயில் அனுப்புவதற்கு முன் ஒரு வக்கீலிடம் காட்டுவது நல்லது. அதற்குச் செலவாகும் என்று தயங்க வேண்டாம்: பெண்களுக்கு வருமான வரம்பு எதுவும் இல்லாமல் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தில் கேளுங்கள், எண் 15100.

சான்றிதழ்

தனியார் நிறுவனம் தரும் சான்றிதழ் பட்டம் ஆகாது. நேர்காணலில் அதைப் பார்ப்பார்கள், பார்த்துவிட்டுக் க்வெரி எழுதச் சொல்வார்கள். அதைத்தான் நீங்கள் அந்தேரியில் அனுபவித்தீர்கள். அதைவிடப் பேசக்கூடியது, நீங்கள் செய்த ஒரு வேலை. மாற்றிய பெயர்களோடு ஆயிரம் பில் உள்ள ஓர் அட்டவணை, 2பி-யோடு பொருத்தும் க்வெரி, எந்த சப்ளையர் எத்தனை மாதமாகத் தாமதம் செய்கிறார் என்று பவர் பி.ஐ.யில் (தரவை வரைபடமாகக் காட்டும் மென்பொருள்) ஒரு பக்கம். இதைத் திறந்துவைத்துப் பேச ஆரம்பித்தால் உங்கள் 14 வருடக் கணக்கு அனுபவமும் சேர்ந்து பேசும். முதல் வாய்ப்பை வெளியே தேட வேண்டும் என்றும் இல்லை. உங்கள் முதலாளிக்கே இந்தப் பக்கம் பயன்படும்.

இன்னும் ஒரு சான்று வேண்டுமென்றால் செலவு குறைந்த வழி இருக்கிறது. ஐ.ஐ.டி.களும் பெங்களூர் ஐ.ஐ.எஸ்.சி.யும் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களை ஸ்வயம் என்ற அரசு ஆன்லைன் தளத்தில் இலவசமாகப் படிக்கலாம். வாராவாரம் அசைன்மென்ட், கெடு தேதி உண்டு. சான்றிதழ் வேண்டுமானால் மட்டும் மையத்துக்கு நேரில் போய்த் தேர்வு எழுத வேண்டும். அண்மை ஆண்டுகளில் ஒரு பாடத்துக்கு 1,000 ரூபாய். 25 மதிப்பெண் அசைன்மென்ட்டுக்கு, 75 தேர்வுக்கு. ஏ.ஐ.யை அங்கே கூட்டிக்கொண்டு போக முடியாது என்பதே அந்தச் சான்றின் மதிப்பு. சென்னை ஐ.ஐ.டி.யின் டேட்டா சயன்ஸ் ஆன்லைன் பட்டப்படிப்பைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். நல்ல படிப்பு, ஜே.இ.இ. தேவையில்லை, தேர்வுகள் நேரில். ஆனால் கணிதமும் புள்ளியியலும் கனமாக இருக்கும், வருடக் கணக்கில் ஓடும். இப்போது உங்களுக்கு இருக்கும் 40 நிமிடத்தில் அது வேண்டாம்.

விட்டுவிடலாமா?

இப்போதைக்கு வேண்டாம். எட்டு வாரம் மேலே சொன்னபடி செய்யுங்கள். முடிவில், இதுவரை பார்க்காத இரண்டு அட்டவணைகளை உங்கள் குழுவில் யாரையாவது கொடுக்கச் சொல்லி, அரை மணி நேரத்தில் மூன்று கேள்விக்குத் துணையின்றி எழுதிப் பாருங்கள். இரண்டு வந்தால் தொடருங்கள். ஒன்றுகூட வராமல், இந்த வேலையே பிடிக்கவும் இல்லை என்றால் தாராளமாக நிறுத்துங்கள். கடனைக் கட்ட வேண்டியிருக்கும், அதற்காகப் பிடிக்காததை இழுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை. ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் எடெக்ஸில் நடத்திய பாடங்களில் 2017-18-இல் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் 100-க்கு 3 பேர். பணம் கட்டிச் சான்றிதழுக்குப் பதிவு செய்தவர்களிலேயே பாதிக்கு மேல் முடிக்கவில்லை. பாதியில் நின்றால் நீங்கள் மட்டும் தோற்றதாக ஆகாது.

கணவரிடம் கடன் அறிக்கையைக் காட்டி, மீதி எத்தனை தவணை, மொத்தம் எவ்வளவு என்று உட்கார்ந்து பேசுங்கள். பிறகு அந்த இரவு 40 நிமிடம் பாத்திரமும் மகளின் வீட்டுப்பாடமும் அவர் பொறுப்பு என்று கேட்டு வாங்குங்கள். இது அவர் கட்டும் பணமும்தான். மெயிலை எழுதி முடித்ததும், நிறுவனத்தின் பெயரை மறைத்துவிட்டு எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள்; வகுப்பு முறையில் என்னென்ன குறை என்ற பகுதியைப் பார்த்துத் திருத்தித் தருகிறேன்.